டயகமவில் கருகிய வேப்பங்கன்று

கோயில் விஷயம் என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். மலையகத்தில் டயகம தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மகளுக்கு அம்மை கண்டது. குணமானால் அங்கிருக்கும் மாரியம்மன் வாசலில் வேப்பமரம் வைப்பதாக நேர்ந்துகொண்டேன். அவள் குணமானாள்; ஆனால் எங்கள் ஊரான வவுனியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட இரண்டு கன்றுகளும் இலை கருகிப் பட்டுப்போயின. அன்று மூன்றாவது கன்றோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன்.

பூசாரியின் மனைவி குடத்தோடு வருகிறாள். அவள் முகத்தையே பார்த்துக் கேட்கிறேன்: "கன்றுக்கு யாரும் சுடுதண்ணி ஊத்துனாங்களா?"

"அம்மன் வாசல்லயா? இங்கிட்டு வாங்கண்ணே."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே தேயிலைக் கொழுந்தெல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகிக் கிடக்கிறது.

"விடியக்காலம் பனி உறைஞ்சு கருக்கிருச்சு. இதுக்கும் நாங்கதான் ஊத்துனோமா?"

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அம்மன் கழுத்துல பச்சை வேப்பிலை மாலை கிடக்குதே?"

"அது கீழேருந்து பஸ்ல வருது. வெயில்ல வளர்ற மரம் இந்தக் குளுரைத் தாங்குமா? எங்க தேயிலைய உங்க ஊர்ல நட்டுத்தான் பாருங்களேன்!"

கற்பூரம் ஏற்றுகிறேன். "மரம் என் வீட்டு வாசலில், இலை உனக்கு, தாயே" என்று சொல்லிக் கன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதை யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். அம்மன் ஏற்கவில்லை என்றோ, பூசாரி வீட்டார் செய்தது என்றோ சேர்த்துவிடாதீர்கள். கன்றைக் கருக்கியது பனி.