எழுதாத தழும்பு

நான் ராஜமேரியை முதலில் பார்த்தது அவர் வேலை பார்க்கும் ஏரியூர் மருந்துக்கடையில். வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டு வந்த கிழவரிடம், "வயித்துல எப்பவாச்சும் கத்தி வெச்சு அறுத்திருக்காங்களா பெரியப்பா?" என்றார்.

கடைக்காரர் முறைத்தார். "மாத்திரைக்கு வந்தவரப் போயி ஆப்ரேஷன் தியேட்டருக்கு ஏத்துறியாம்மா?"

ராஜமேரி அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகுவதற்குள் ஒன்பது வருட நர்ஸ் வேலை போயிருந்தது.

அந்த வேலை தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பித்தப்பைக் கல்லோடு வந்தவர் சின்னம்மாள். படிவத்தை ராஜமேரிதான் நிரப்பினார்.

"இதுக்கு முன்ன ஆப்ரேஷன் பண்ணியிருக்கீங்களாக்கா?"

"புள்ளையே பொறக்கல. அது ஒண்ணுதான் எனக்குக் கொறச்சலு!"

இருவரும் சிரித்தார்கள். ஊர்ப்பக்கம் ஆப்ரேஷன் என்றால் குடும்பக் கட்டுப்பாடுதான். காட்டுவேலை பார்த்து வளர்ந்த ராஜமேரிக்கு அது தெரியாததா? சிரித்த வேகத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்.

மறுநாள் ஆப்ரேஷன் மேசையில் துணியை விலக்கினால், தொப்புளை ஒட்டிக் கீழே நீளமாகப் பழைய தழும்பு. அதற்கு அடியில் குடல் ஒட்டிக்கிடக்கலாம். சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில், வயிற்றுக்குள் காற்று ஏற்றும் முதல் ஊசியோ தொப்புள் வழியே, உள்ளே பார்க்காமல் இறங்குவது.

"டாக்டர், தழும்பு இருக்குதுங்க. இடது விலாவுக்குக் கீழ போயிடலாங்களா? இல்லன்னா சின்னதாத் திறந்து, பாத்துட்டு..."

"ஃபார்ம்ல இல்லைன்னு எழுதுனது யாரு?"

"நாந்தாங்க."

"அப்பப் பேசாம நில்லுங்க சிஸ்டர். இன்னும் மூணு கேஸ் இருக்கு."

ஊசி தொப்புளிலேயே இறங்கியது.

மூன்றாம் நாள் சின்னம்மாளின் வயிறு பானையாக உப்பியது. குடலில் ஓட்டை. சேலத்துக்குக் கொண்டுபோய்த்தான் உயிரைப் பிடித்தார்கள். குடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் இறங்க ஒரு பை மாட்டினார்கள். சிறுவயதில் குடல்வால் வெடித்து அறுத்த கதையை அப்போதுதான் புருஷன் மாதையன் சொன்னார்.

"நம்மூட்டுப் பொண்ணாட்டம் சிரிச்சிப் பேசுனியேம்மா" என்றார் ராஜமேரியிடம். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரி மேனேஜர் தாளை நீட்டினார். "பேஷண்ட் மறைச்சிட்டாங்கன்னு எழுதிக் குடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

ராஜமேரி இரண்டு வரி எழுதினார். கேட்ட விதம் தப்பு, அது என்னுடையது. தழும்பைக் கண்டதும் டாக்டரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

முதல் வரிக்காக வேலை போயிற்று. இரண்டாவது வரியை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை.

இப்போது ராஜமேரி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். சின்னம்மாள் பையோடு இருக்கிறார். டாக்டர் அதே ஆஸ்பத்திரியில், அதே மேசையில்.