பல்லால் அவிழ்த்த முடிச்சு

ஃபோனில் ஜப்பானின் கியோத்தோ தெரிந்தது. என் முதலாளியம்மா, சிஞ்ஞோரா, மகனோடு அங்கே சுற்றுலா போயிருந்தார். நான் இத்தாலியில், பலெர்மோவில், அவருடைய வீட்டில், இஸ்திரிப் பெட்டியோடு நின்றேன். ஏதோ பழைய ஷின்டோ கோயில். வேண்டுதல் எழுதிய சிறு மரப்பலகைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை ஒன்றோடொன்று முட்டிக் கடகடத்தன.

"உனக்கும் ஒன்று கட்டுகிறேன். என்ன வேண்டும், சொல்" என்றார்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மன் கோயில் வேம்பில், பிள்ளை வரம் கேட்டவர்கள் தொங்கவிட்ட மரத்தொட்டில்கள் அப்படித்தான் முட்டிக்கொள்ளும். அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போன கிழமை, அம்மா அங்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினார். எனக்கு ஏழு வயது.

"எப்ப அம்மா அவிழ்க்கிறது?"

"கொண்ணன் வந்த அண்டைக்கு. நீதான் அவிழ்க்கவேணும்."

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகப் போனேன். அவிழ்த்தால் அண்ணா வந்துவிடுவான் என்று நினைத்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன், வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. இருட்டும்வரை வீட்டு வாசலில், படலையடியில் காத்து நின்றேன். அந்தக் காசை என்ன செய்தேன் என்பதுகூட ஞாபகமில்லை.

"முடிச்சைக் காணேல்லை. அம்மாளாச்சி ஏற்கேல்லைப் போல" என்று அம்மா தலையில் அடித்து அழுதார். இன்றைக்கும் ஊரிலிருந்து ஃபோன் எடுத்தால், "கொண்ணன்ரை கதை ஏதும் தெரிஞ்சுதே?" என்றுதான் தொடங்குவார். அவிழ்த்தது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

"என்ன எழுத?" சிஞ்ஞோரா மறுபடி கேட்டார்.

அண்ணாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பிறகு கெஞ்சினேன்.

"உயரத்தில் கட்டுங்கள், சிஞ்ஞோரா. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில்."