பதினான்கு டிகிரி ஏறிய காலை

நான் அலட்சியமாகப் போட்ட ஒரு கையெழுத்தால் என் கணவரை இழந்திருப்பேன். போன ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை நடந்ததை, வீராம்பட்டினத்து அம்மனை, அந்தத் தாயை நம்புகிற உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அலுமினியப் பாத்திரங்களுக்கு பாலிஷ் போடும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு ஆய்வக வேலை. என் கணவர் சேகரும் அங்கேதான். பாலிஷ் போடும்போது உதிரும் தூளில் தேய்க்கிற மணலும் இருக்கும், அலுமினியமும் இருக்கும். மணல் அமிலத்தில் சும்மா கிடக்கும். அலுமினியம் அப்படியில்லை, சூடேறிப் பொங்கும், தீப்பிடிக்கிற வாயுவை வெளியே விடும். அதனால் தூளில் எவ்வளவு உலோகம் என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. உலோகம் குறைவான தூளை மட்டும்தான் கழிவு அமிலத் தொட்டியில் கொட்டுவார்கள்.

வியாழக்கிழமை எட்டு மூட்டை வந்தது. எனக்கு ஒரே தலைவலி. கண்ணால் பார்த்தே, 'பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை போனால், மூட்டைகளைக் கழிவு அமிலத் தொட்டி ஓரம் அடுக்கியிருந்தார்கள். மூடிய கொட்டகை. சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங். முதல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர். அதன் வாயில் தூள் வெள்ளியாக மின்னியது. தொட்டியருகே ஓடினேன்.

"கொட்டாதீங்க. நான் சரியா பாக்கல."

சூப்பர்வைசர் பாஸ்கர் சார் சீட்டை நீட்டினார். "நீதானம்மா எழுதிக் குடுத்த? மதியத்துக்குள்ள கொட்டாய் காலியாவணும்."

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல கிடையாது."

அங்கேயே மேசை போட்டேன். தெர்மாகோல் கப்பில் நூறு மில்லி நீர்த்த அமிலம். அரை கிராம் தூள் போட்டு, மூடி, தெர்மாமீட்டரைச் செருகினேன். அத்தனையும் அலுமினியமாக இருந்தால் இருபத்து மூன்று டிகிரி ஏறும். நான் எழுதியது உண்மையானால் இரண்டரையைத் தாண்டாது.

முப்பதில் நின்றது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். அதே முப்பது.

அலுமினியத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதை அமிலம் அரிக்க நேரமாகும். எவ்வளவு நேரம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. சேகரு, கொட்டு."

கண்ணை மூடினேன். தாயே, என் தப்புக்கு அவரைத் தண்டிக்காதே. உண்மை எதுவோ அதைக் காட்டு.

மூட்டை கீழே இறங்கும் சத்தம் கேட்டது. "அவ பாத்து முடிக்கட்டும் சார். அதுவரைக்கும் கொட்ட மாட்டேன்," என்றார் என் கணவர். மேலிடத்துக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

கப்புக்குள் 'சொர்'ரென்று நுரைத்தது. முப்பத்தொன்று. முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்து நான்கில் நின்றது. பதினான்கு டிகிரி. தூளில் பாதிக்கு மேல் அலுமினியம்.

பாஸ்கர் சார் கப்பைத் தொட்டுப் பார்த்தார். நேராகப் போய் வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார். மூட்டைகளைக் கட்டி வெளியே எடுத்துவிட்டார்கள்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அது நியாயம். அன்று மாலை இருவரும் வீராம்பட்டினம் கோயிலுக்குப் போனோம். எதுவும் கேட்கத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் ஒரு எண்கூட நான் எழுதுவதில்லை.

இது வேதியியல்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம். ஆனால் அந்தச் சில நிமிடம் என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் சொல்லப் பயந்து மறைத்த தவறு ஏதாவது இருக்கலாம். தாயைக் கூப்பிட்டுவிட்டு இன்றே போய்ச் சொல்லுங்கள். அவள் கூட வருவாள்.