சனிக்கிழமைக் கையெழுத்து

கையெழுத்தாகாத ஓர் ஒப்பந்தத்தைக் கையெழுத்தானதாக அச்சிட்டவன் நான். தெரியாமல் அல்ல. தெரிந்துதான்.

இதை உங்களிடம் சொல்லவே இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. சம்பந்தப்பட்டவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனை ரவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. சூரிச்சில் ஒரு வீடியோக் கடையின் பின்னறையிலிருந்து தமிழ் மாதப் பத்திரிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ரவி ஓல்டன் என்ற ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கினான். எங்கள் கிரிக்கெட் போட்டிகளில் அவன் பந்துவீசினால் நடுவர் உடனே கையை நீட்டிவிடுவார். முழங்கை மடங்குகிறது, நோ-போல்! "தம்பி, இது போலிங் இல்லை, மாங்காய்க்குக் கல்லெறியிறது" என்று எல்லைக்கோட்டில் நின்று கத்துவார்கள்.

கிடங்கில் கூட வேலைசெய்த சுவிஸ்காரன் ஒருவன் அவனைப் பேஸ்போல் மைதானத்துக்கு அழைத்துப் போனான். அங்கே எறிவதுதான் வேலை. சில மாதங்களில் அந்த ஊர்க் கழகம் ஓர் ஆட்டப் பருவத்துக்கு அவனோடு ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடக்கி வைத்து எறிபவன் அவன்தான்.

அதை நான் செய்தியாக்கினேன். "கிரிக்கெட்டிலை எறிஞ்சா நோ-போல், அங்கை எறிஞ்சா கொன்ட்ராக்ட்!" என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் பெருமை இருந்தது. அந்த இதழில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. என் பிழை அங்கேதான் தொடங்கியதோ…

பருவம் முடிந்ததும், ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடத்துக்கு நீடிக்கக் கழகம் விரும்பியது. கையெழுத்து சனிக்கிழமை. அந்த மாத இதழ் புதனன்று அச்சுக்குப் போய், வெள்ளியன்று கடைகளுக்கு வந்துவிடும். கழகச் செயலாளரைத் தொலைபேசியில் கேட்டேன். அநேகமாக முடிந்த மாதிரித்தான் என்றார். முதல் பக்கத்தில் படத்துடன் எழுதினேன்: இருபத்தாறு வயது ரவி கையெழுத்திட்டார்.

புதன் காலை தொலைபேசிப் பதிவில் அவன் குரல் இருந்தது.

"அண்ணை, ரவி கதைக்கிறன். அந்தச் செய்தியைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கோ. தோள் கடுமையா நோகுது. இனி எறிஞ்சா கிழிஞ்சிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். முதியோர் இல்லம் ஒண்டிலை பராமரிப்புப் படிக்க இடம் கிடைச்சிருக்கு. சனிக்கிழமை வேண்டாம் எண்டுதான் சொல்லப்போறன். இப்ப ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டு முறை கேட்டேன். மணி ஒன்பது இருபது. பக்கத்தை மாற்ற நண்பகல்வரை நேரம் இருந்தது.

மாற்றிப் போட வேறு செய்தி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஒரு கோயில் திருவிழா அறிவித்தல். அதை யார் தேடி வாங்குவார்கள்? அவன் மனம் மாறிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்தியை நான் அழிக்கவில்லை. அவன் குரலை அழித்தேன்.

வெள்ளி மாலை அவன் அழைத்தான்.

"அண்ணை, என்ரை மெசேஜ் கேக்கேல்லையோ?"

"இப்பதானடா கேட்டனான். புதனிலையிருந்து அச்சகத்திலையெல்லோ நிண்டனான்."

"பரவாயில்லை அண்ணை. நான்தான் பிந்திச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னிப்பை அவன் என்னிடம் கேட்டான்!

பத்திரிகை அதற்குள் மலைப்பக்கத்துக் கூர் நகரம்வரை போயிருந்தது. அங்கே ஒரு ஹொட்டல் சமையலறையில் வேலைசெய்தவர் அவனுடைய வருங்கால மாமனார். மகளைக் கொடுக்க அரைமனதாக இருந்தவர், சனிக்கிழமை கேசரிச் சட்டியோடு முதல் ரயிலில் வந்து இறங்கினார். கழக அறையில் எங்கள் ஆட்கள் பதினேழு பேர். செயலாளர் எல்லாரும் உட்காரக் கதிரை தேடி ஓடினார்.

"என்ரை மருமோனை இனி ஆரும் பெட்டி தூக்கிறவன் எண்டு சொல்லேலாது!" என்று மாமனார் சட்டியைத் திறந்தார்.

ரவி பேனாவை எடுத்தான். மாமனாரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தைக் கமரா மறைத்திருந்தது. அப்போதும் ஒரு வசனம் போதும்: செய்தி பிழை, நான் அவசரப்பட்டுவிட்டேன்… சொன்னேனா?

கையெழுத்திட்டான். என் செய்தி உண்மையாயிற்று.

அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்தில் தோள் கிழிந்தது. பந்து நாலடி தள்ளி விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு சத்திரசிகிச்சைகள். முதியோர் இல்லத்து இடம் எப்போதோ வேறொருவருக்குப் போய்விட்டது. பத்திரிகையும் பிறகு நின்றுபோனது. இன்று அவன் ஓல்டனில் ரயில் பெட்டிகளைத் துடைக்கிறான், இடது கையால். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், நம்புங்கள். சுவரில் நான் அச்சிட்ட அந்த முதல் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவன் மனைவி தேநீர் தந்தாள்.

"அண்ணை, இதிலை ஒரு பிழை இருக்குத் தெரியுமோ?" என்றான் ரவி.

கோப்பை பாதி வழியில் நின்றது.

"எனக்கு அப்ப இருபத்தேழு. நீங்கள் இருபத்தாறு எண்டு போட்டிட்டியள்." சிரித்தான். "திருத்தமும் போடேல்லை!"

"ஓம்," என்றேன். "என்ரை பிழைதான்."

தேநீரைக் குடித்து முடித்தேன். ஐந்து மணி ரயிலைப் பிடித்தேன். பெட்டி மிகச் சுத்தமாக இருந்தது.