ஒற்றை டிக்

லிஃப்ட்காரரின் போன் மூன்று தடவை லிஃப்ட் குழிக்குள் விழுந்திருக்கிறது. அதில் ஒரு தடவை நாலாவது மாடியிலிருந்து. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்து, ஒரு ரப்பர் பேண்டையும் மாட்டி அமுக்கினார். உயிர் வந்துவிட்டது. "எங்க, உங்க கண்ணாடிப் பலகைய இப்படி எந்திரிக்கச் சொல்லுங்க பாப்போம்" என்று அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் எதிர்ப்பட்ட ஆளிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். இந்த ஒரு கதையை வைத்தே பத்து வருடம் ஓட்டிவிட்டார் மனிதர்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழே இருப்பவனுக்கு போன் போட வேண்டும். இருட்டு. கையெல்லாம் கிரீஸ். பட்டன் போன் என்றால் கட்டைவிரல் தடவியே நம்பரைப் போட்டுவிடும், கண் தேவையில்லை. தொடுதிரை போனுக்கோ அவர் விரலையே அடையாளம் தெரியாது. முப்பது வருடம் இரும்புக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அழுத்தினால் திரை சும்மா இருக்கும், ஓங்கிக் குத்தினால் வேறு எதையாவது திறக்கும்.

அவர் குடியிருந்தது மொட்டைமாடியில், மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில். மோட்டார் ஓடும்போது சுவர் அதிரும், தம்ளரில் தண்ணீர் நடுங்கும். சத்தத்தை வைத்தே லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று படுத்தபடி சொல்லிவிடுவார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தாலி கட்டுற நேரத்துல எவனாவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா யாரு போறது?" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவருக்கென்று இருந்த ஒரே உயிர் அக்காள்தான். எட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில், மகன் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வாயும் தையல் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே பல வருடமாக ஒரு முறை இருந்தது. முதலில் அக்காள் ரிங் விடுவாள். ஒரே ஒரு ரிங், உடனே வைத்துவிடுவாள். பிறகு இவர் கூப்பிட வேண்டும். போன் பேசுவது தண்ணீர்பட்ட பாடாகிப்போன காலத்திலும் அந்த முறை மாறவில்லை. அக்காள் ரிங் விடாமல் இவர் கூப்பிட்டதில்லை, இவர் கூப்பிடாமல் அக்காள் தூங்கியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அக்காள் மகன் வேலை விஷயமாக இந்த ஊருக்கு வந்தவன், மாமாவுக்கு ஒரு புது போன் வாங்கி வந்தான். நல்ல பையன், மாமா மேல் பாசம். சிம்மைக் கழற்றிச் சின்னதாக வெட்டி அதில் போட்டு, "உங்க நம்பர்லயே வாட்ஸ்அப் திறந்து வச்சுட்டேன் மாமா. நம்ம குடும்ப குரூப்லயும் சேத்துட்டேன். இனிமே அம்மா மூஞ்சிய தினம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

நாலு நாள் மல்லுக்கட்டினார் லிஃப்ட்காரர். ஐந்தாம் நாள், இரண்டாவது மாடியில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது திரை அவர் விரலை மதிக்கவே இல்லை. வந்த ஆத்திரத்தில் போனை அணைத்து அதன் அட்டைப்பெட்டியிலேயே படுக்கவைத்தார். வெட்டிய சிம்மை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திப் பழைய போனுக்கே கொண்டுவந்தார். அதுவரைக்கும் தப்பில்லை. மறுநாள் அக்காள் ரிங் விட்டாள், இவர் கூப்பிட்டார்.

"புது போன் எப்படிடா இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு. இப்ப அதுலதான் பேசுறேன்."

எதற்கு அந்தப் பொய்? பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்தது, மனசு நோகக்கூடாது என்றுதான். நோகாமல் சொல்ல வழியா இல்லை? "எனக்கு ஒத்துவரலக்கா" என்றால் அவள் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பாள். சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவருக்கு, முயலே கையில் இல்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

பொய் சொன்னால் சும்மா விடுமா? இரண்டு வாரம் கழித்து அக்காள் பிடித்துக்கொண்டாள். "போட்டோ போட்டேன், பாக்கல. குரல்ல பேசிப் போட்டேன், கேக்கல. சரி போ. ஒரு தடவை வீடியோல வந்து மூஞ்சியக் காட்டு. உன்னப் பாக்கணும் போல இருக்குடா."

"பாக்கணும்னா நேர்ல வா."

"வர முடிஞ்சா வரமாட்டேனா? மூஞ்சியக் காட்டுனா என்ன குறைஞ்சுடும் உனக்கு?"

மாட்டிக்கொண்டவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும். "எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு இருக்க எனக்கென்ன வேற பொழப்பு இல்லையா? சும்மா நச்சரிக்காத" என்று கத்தி, போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காள் ரிங் விடவில்லை.

ஒரு வாரம் போனது. கோபம் தணியட்டும், தானே விடுவாள் என்றிருந்தார். ஒரு மாதம் போனது. வேலைக்கு நடுவில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். எத்தனை கம்பிக்கோடு டவர் காட்டுகிறது என்று எண்ணுவார். ஒருநாள் சந்தேகம் வந்து, மூன்றாவது மாடிப் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண்ணைத் தன் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னார். மணி நன்றாகவே அடித்தது. "ஏன் அண்ணே, யாரு போனுக்குக் காத்திருக்கீங்க? பொண்ணு கிண்ணு பாத்திருக்கா?" என்று அவள் சீண்டினாள். அவர் சிரிக்காமல் படியேறிப் போய்விட்டார்.

அட, இவர் கூப்பிட்டால்தான் என்ன? நம்பர் கட்டைவிரலுக்கே மனப்பாடம். கூப்பிடவில்லை. அவள் ரிங் விடட்டும், அதுதானே முறை என்று இருந்தார். இரண்டு மாதம் தாண்டியது. அதற்குள் அவருக்குக் கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை, பயம்தான் இருந்தது. அக்காள் தன்னை வேண்டாம் என்று வைத்துவிட்டாளோ என்கிற பயம்.

அன்று காலை கூண்டின் மேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிரீஸ் கையோடு பதறி எடுத்தார். அக்காள் இல்லை. சித்தப்பா மகள், அக்காள் ஊரிலேயே இருப்பவள். எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள்.

"என்ன மனுஷன் அண்ணே நீ? கோவம்னா சாவுக்குக் கூடவா வரமாட்டே?"

"யாரு சாவு?"

"அண்ணே... விளையாடாத. அக்கா போயி இன்னைக்கு நாலு நாளாச்சு. குரூப்புல எல்லாருக்கும் போட்டோமே."

அந்த மனிதர் அப்போது கம்பியைப் பிடித்திருந்ததால் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கூண்டின் மேலேயே உட்கார்ந்தார். கீழே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். "லிஃப்ட்டு வருமா வராதா?" என்று ஒரு குரல் குழிக்குள் எதிரொலித்தது.

அடுத்த பஸ்ஸில் போனார். எண்ணெய்ச் சட்டையோடு போய் நின்றவரை அக்காள் மகன் "வாங்க" என்றான். மாமா என்ற சொல் வரவில்லை. கூடத்தில் அக்காளின் கட்டில் பிரித்துச் சுவரில் சாய்க்கப்பட்டிருந்தது. தையல் மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"என்னடா ஆச்சு அவளுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. நுரையீரல்ல புத்துநோய் வந்திருந்துச்சு. டாக்டர் சொன்ன அன்னைக்குத்தான் அம்மா உங்கள வீடியோல வரச் சொன்னாங்க. அப்புறம் எல்லாத்தையும் அவங்களே உங்ககிட்ட சொல்லிட்டதா சொன்னாங்க. அப்பப்ப போன வாய்க்கிட்ட வச்சுப் பேசுவாங்க. 'யாருகிட்டம்மா?'ன்னா, 'என் தம்பிகிட்ட'ம்பாங்க. பத்தொம்பது மெசேஜுன்னு எண்ணிச் சொன்னாங்க. நீங்க ஒண்ணக்கூட கேக்கல."

"எதுல பேசினா?"

"நான் வாங்கிக் குடுத்த போன்லதான். வேற எதுல?"

அந்த போன் அணைந்து பெட்டியில் கிடக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும்? 'ஜம்முனு இருக்கு' என்ற பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"உங்கள போன்ல கூப்பிட நம்பர எடுத்தேன்" என்றான் அவன். "அம்மாவுக்கே பதில் சொல்லாத ஆள நான் என்னன்னு கூப்பிடுறதுன்னு வச்சுட்டேன்."

"அவ போன் எங்க? அவ பேசினத ஒரு தடவை போடுறியா?"

"அழிச்சுட்டேன். அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல எல்லாத்தையும் அழிச்சு, போனையும் அணைச்சு உள்ள வச்சுட்டேன்." அவன் குரல் உடைந்தது. "நான் கூட கேக்கல. அது உங்களுக்குன்னு பேசினது. நான் எப்படிக் கேப்பேன்?"

திரும்பி வரும் பஸ்ஸில், அந்தத் துக்கத்திலும் லிஃப்ட்காரருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அங்கே அழிந்தால் என்ன? தன் பெட்டியில் பத்தொன்பதும் இருக்கிறது. எட்டு மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்களே, அக்காள் எட்டு மணி நேரத் தூரத்தில் மூச்சுக்குத் தவித்தபோது தன் சதை ஏன் ஆடவில்லை என்றும் நினைத்தார். பக்கத்து சீட்டுக்காரர் தன் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஊர் வந்ததும் மாடிக்கு ஓடி, அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு இறங்கினார். நோயாளிகள் யாரும் இன்னும் வரவில்லை. டோக்கன் பெண் அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் சார்ஜில் போட்டு, மருத்துவமனையின் நெட்டை இணைத்துக் கொடுத்தாள். திரை வெளிச்சமானது. சற்று நேரத்தில் டிங் டிங்கென்று குரூப் செய்திகள் வந்து குவிந்தன. அவள் அவற்றைத் தள்ளிவிட்டு அக்காளின் பெயரைத் திறந்தாள்.

ஐந்துதான் இருந்தன.

"மத்ததெல்லாம்?"

"அவங்க எப்ப அனுப்பினாங்க அண்ணே?"

"ரெண்டரை மாசமா."

"போன் ஆஃப்ல இருந்தா, வர்ற மெசேஜ் ஒரு மாசத்துக்கு மேல நிக்காது அண்ணே. பழசெல்லாம் போயிருக்கும்."

அவர் விரல் வைத்தார். திரை கண்டுகொள்ளவில்லை. விரல் முட்டியை மடக்கி வைத்தார். அக்காள் பேசினாள். நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"இன்னைக்கு நல்லா சாப்பிட்டேன். பொய்டா. ரெண்டு வாய்தான்."

"மிஷின பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேன். நல்ல ஊசிய மட்டும்... எடுத்து வச்சுக்கிட்டேன். அவ உடைச்சுடுவா."

"ரிங் விட்டா நீ கூப்பிடுவே. கூப்பிட்டா நான் பேசணும். சேந்தாப்புல பேச முடியலடா. அதான்... இதுல துண்டு துண்டா பேசுறேன்."

"எல்லாம் ஒத்த டிக்காவே நிக்குது. ரெண்டாவது டிக் வந்தாதான் உனக்கு வந்து சேந்துச்சுன்னு அர்த்தமாம். மூஞ்சியக் காட்டச் சொன்னது தப்புதான். காட்ட வேணாம். குரல மட்டும் குடு."

ஐந்தாவது, இறப்பதற்கு முந்தைய நாள் பேசியது. முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு குரல்.

"தம்பி... முதமுதல்ல ஒண்ணு சொன்னேனே. அத மட்டும் செஞ்சுடு. வேற யாருகிட்டயும் சொல்லல. திரும்பச் சொல்ல... தெம்பு இல்ல."

அதோடு நின்றது. டோக்கன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் முட்டியை வைத்து மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பத்துத் தடவை கேட்டாலும் பேசியதைத்தானே பேசும்?

"இதுல எப்படிப் பேசுறது?" என்றார்.

அவருக்காக அவளே மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து, லிஃப்ட் குழிக்குள் இருப்பவனிடம் பேசுவதுபோல உரக்கக் கேட்டார்.

"அக்கா, முதல்ல என்ன சொன்னே? என்னத்தச் செய்யணும்?"

அவள் விரலை எடுத்தாள். குரல் போனது. அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. முதல் நோயாளி வந்து, இரண்டாவது ஆள் வந்து, நாற்காலிகள் நிறைந்தன. லிஃப்ட்காரர் மேஜை ஓரமாக நின்று இரண்டாவது டிக்குக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.