நின்றுபோன என்ஜின்

ஒரு கப்பல் நேராக நம்மை நோக்கி வந்தால், அதன் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரியும். சபையாரே, நான் அதைப் பார்த்தவள்.

நான் போத்தனூர்க்காரி. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் வேலை. கணவருக்குக் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் வேலை. தொண்ணூற்றாறில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், முதலாளியின் சிறிய பாய்மரப் படகைக் கோழிக்கோட்டில் சேர்க்க இருவரும் புறப்பட்டோம்.

“அம்மணி, எதுக்கால கப்பல் வந்தா வலது பக்கம் ஒதுங்கோணும். அவனும் அவனுக்கு வலதுல ஒதுங்குவான். இது உன்ற அவிநாசி ரோடு இல்ல” என்றார் கணவர்.

“தெரியுமுங்க. எத்தன வாட்டி சொல்லுவீங்க?”

மறுநாள் காலை காற்று இல்லை. பாயைச் சுருட்டிவிட்டுச் சிறிய என்ஜினில் போனோம். எங்கும் வெண்மூட்டம். அவர் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். சுக்கான் என் கையில். மூட்டம் விலகியபோது எதிரே சரக்குக் கப்பல்.

சுக்கானைத் திருப்பினேன். அந்த நொடியே என்ஜின் நின்றது.

“ஏனுங்க, என்ஜின் நின்னுபோச்சுங்க. முன்னால பாருங்க.”

அவர் ஓடிவந்து என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். பெட்ரோல், பிளக், காற்று என்று வரிசையாக யோசிக்கப் பார்த்தேன். வரிசை வரவில்லை. கப்பல் வளர்ந்துகொண்டே வந்தது. “ஆண்டவரே, இந்த என்ஜினை மட்டும் ஓடவையும்” என்று ஜெபித்தேன். அவர் இழுத்தார், இழுத்தார். ஓடவில்லை. கைவிட்டுவிட்டீரே என்று மனம் கசந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கப்பல் ஒரு முறை ஊதியது. வலது பக்கம் திரும்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். கண்ணைத் திறந்தபோது துருப்பிடித்த இரும்புச் சுவர் எங்கள் இடப்பக்கமாகக் கடந்துகொண்டிருந்தது. அலை எங்களைத் தூக்கிப் போட்டது. பிறகு அமைதி.

அவர் என் கையையே பார்த்தார். “ஏனம்மணி, இடது பக்கமா திருப்புனே?”

அப்போதுதான் பார்த்தேன். வருடக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டிய கை, ரோட்டில் போலவே இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்திருக்கிறது. என்ஜின் ஓடியிருந்தால், கப்பல் கடந்த அதே தண்ணீரில்தான் நாங்கள் இருந்திருப்போம்.

அவர் மறுபடி கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் ஓடியது. கரை சேர்ந்ததும் அதைப் பிரித்துச் சோதித்தேன். பழுது எதுவும் இல்லை. நிறுத்தியது எது என்று எனக்குத் தெரியாது. நிறுத்தியவர் யார் என்று தெரியும்.

முன்பெல்லாம் என் தேவையோடு, அதை எப்படிச் செய்யவேண்டும் என்பதையும் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன். வழி அவருடையது.

நீங்கள் கேட்டது இன்னும் கிடைக்கவில்லையா? கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள். ஆனால் அவர் கைவிட்டார் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓடியவற்றுக்கு நன்றி சொல்லும்போது, நின்றுபோனதற்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.