அனுசரித்துப் போகும் பாடம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'விறைப்பு டீச்சர்'. பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்விப் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது அவள் பொறுப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். எதிர்த்து ஒரு வார்த்தை வந்தால் போச்சு, அன்றைக்கு அந்தப் பிள்ளை தொலைந்தது. தலைமை ஆசிரியரே அவள் அறையைத் தாண்டும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வயதில் துணிக்கடையில் நின்றவள், "கால் வீங்குது, ஒரு ஸ்டூல் குடுங்க" என்று மேனேஜரிடம் வாயைத் திறந்தாள். சாயங்காலமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கேவலம், ஒரு ஸ்டூல்! அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் எத்தனையோ. தன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடம் நடத்தினாள்: "சொன்னதைச் செய். குறை சொல்லாதே. அனுசரிச்சுப் போ."

வகுப்பில் அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் ஒரு தையல்காரியின் மகள். பயிற்சிக்கு அவளைச் சலவை ஆலைக்கு அனுப்பினார்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் வேலை. டீச்சர் பார்க்கப் போனபோது மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், கை உள்ள போகாம ஒரு தடுப்பு இருந்துச்சாம். வேகமா ஓட்ட முடியலைன்னு கழட்டிட்டாங்க. பயமா இருக்கு."

சூப்பர்வைசர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். படிப்பு முடிந்ததும் இந்தப் பெண்ணை இங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். கைக்கு வந்த வேலையைக் கெடுத்துக்கொள்வாளோ என்று டீச்சருக்குப் பதறியது.

"மூக்கால அழாதே. எல்லாரும் செய்யறாங்க இல்ல? பார்த்துச் செய்."

பார்த்துத்தான் செய்தாள், பாவம். மறுநாள் ஒரு விரிப்பின் ஓரம் விரலில் சுற்றிக்கொண்டது. உருளை அதோடு கையையும் இழுத்துக்கொண்டது. சொல்லவே நாக்கு கூசுகிறது, வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் டீச்சரிடம், "கவனக்குறைவுங்க" என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுய்யா! தடுப்பைக் கழட்டினது யாரு?"

"நாங்கதான். உங்ககிட்டதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சே, நீங்க என்ன பண்ணீங்க?"

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனாள். தையல்காரி அழுது ஓய்ந்து தரையில் கிடந்தாள்.

"காலையிலேருந்து எம்பொண்ணு ஒரு சத்தம் போடலைங்க. மருந்து கட்டும்போதுகூட."

கட்டிலில் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ரத்தம்.

"வலிக்குதாடி?"

"பரவாயில்ல டீச்சர்."

அந்தப் பெண்ணின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. டீச்சர் கட்டிலருகே குனிந்தாள்.

"ஐயோ, வலிச்சா கத்தேன்டி! வாய்விட்டுக் கத்து!"

அந்தப் பெண் வாசலில் நின்ற சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"கத்தலாமா டீச்சர்?"